கடிகையிலிருந்து கம்பெனி பஸ் வரை

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே வாலாஜாபேட்டை பக்கம் போகிறவர்களுக்குத் தாமல் என்றால் ஏரிதான் நினைவுக்கு வரும். பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும் பஸ்ஸின் ஜன்னல் வழியே பார்த்தால், நல்ல மழை பெய்த வருஷத்தில் கரை தெரியாமல் தண்ணீர் கிடக்கும். இந்தச் சாலையோர ஊர்களில் விடிகாலையில் கழுத்தில் அடையாள அட்டையோடு இளவட்டங்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். பெரும்பாலும் பிளஸ் டூ முடித்தவர்கள், டிப்ளமா முடித்தவர்கள். போகுமிடம் ஸ்ரீபெரும்புதூர் அல்லது ஒரகடம்.

படிப்பு முடிந்ததும் வேறிடம் பார்த்துப் போவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றுக்குத் தாமர்க் கோட்டம் என்று பெயர் கொடுத்த ஊர் தாமல். புறநானூற்றின் 43ஆம் பாட்டைப் பாடிய தாமப்பல் கண்ணனார் இந்த ஊர்க்காரர் என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு. அவர் சோழ நாட்டுக்குப் போய் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானோடு வட்டாடினார். ஆட்டத்தில் ஒரு வட்டை ஒளித்தும் வைத்தார். கண்டுகொண்ட இளவரசன் கோபத்தில் கையிலிருந்ததை அவர் மேலே எறிய, புலவர் அவன் பிறப்பையே சந்தேகித்து ஒரு வார்த்தை சொல்ல, அவன் வெட்கித் தலைகுனிந்தான். பிறகு புலவரே தம் பிழையை ஒப்புக்கொண்டு பாடினார் என்கிறது பாட்டின் குறிப்பு. வெளியூரில் பேர் வாங்கிய முதல் தாமல்காரர் கள்ள ஆட்டக்காரராகவும் இருந்தது சுவாரஸ்யம்தான்.

காஞ்சியைக் கல்விக்கு எல்லையில்லாத ஊர் என்று அப்பர் புகழ்ந்திருக்கிறார். அந்தப் புகழுக்கு அடிப்படை கடிகை என்ற உயர்கல்விக் கூடம். அங்கே படிக்க வந்தவர்களில் சரித்திரம் நன்றாக நினைவு வைத்திருப்பது ஒரு பாதிப் படிப்பு மாணவனைத்தான். 4ஆம் நூற்றாண்டில் இன்றைய கர்நாடகத்திலிருந்து குரு வீரசர்மனோடு காஞ்சிக்கு வந்த மயூரசர்மன், பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு சண்டை மூண்டதில் அவமானப்பட்டான். ஏட்டை வைத்துவிட்டு வாளை எடுத்தான், காட்டுக்குள் போய்ப் பல்லவர் படைக்குத் தொல்லை கொடுத்தான், கடைசியில் பல்லவர்களே அவனை அரசனாக ஏற்கவேண்டி வந்தது. கடம்பர் வம்சம் அப்படிப் பிறந்தது. ஷிமோகா மாவட்டத்துத் தாளகுந்தாவில் நிற்கும் தூண் கல்வெட்டு இதைச் சொல்கிறது. எழுதுவித்தவர்கள் அவன் வழிவந்தவர்கள் என்பதால், சண்டையில் தப்பு யார் பக்கம் என்று குதிரை வீரனின் தரப்பைக் கேட்க வழியில்லை.

இன்னொருவர் தர்மபாலர். காஞ்சியில் அமைச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்து, அரசன் மகளோடு நிச்சயித்த கல்யாணத்திலிருந்து தப்பித்துத் துறவியானவர் என்று 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கல்யாணப் பிள்ளை பிற்பாடு நாளந்தாவின் தலைமை ஆசாரியரானார். அவருடைய மாணவர் சீலபத்திரரிடம்தான் யுவான் சுவாங்கே பாடம் கேட்டார்.

ஊரிலேயே இருந்த கடிகையாருக்கும் செல்வாக்கு இல்லாமலில்லை. 8ஆம் நூற்றாண்டில் பல்லவ அரியணை காலியானபோது, பன்னிரண்டு வயதுப் பையனான இரண்டாம் நந்திவர்மனைத் தேடிக் கொண்டுவந்தவர்களில் அவர்களும் உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சிற்பமாகவும் எழுத்தாகவும் அந்தக் கதை இருக்கிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலில் 11ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு, கோயிலோடு சேர்ந்த பள்ளியையும் பதினைந்து படுக்கை ஆஸ்பத்திரியையும் பேசுகிறது. மாணவர்களின் சாப்பாட்டுக்கும் எண்ணெய்க் குளியலுக்கும்கூடக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஹாஸ்டல் மாணவனின் கவலைகள் ஆயிரம் வருஷமாக மாறவில்லை போலும்.

ஆனால் இந்தப் படிப்பெல்லாம் யாருக்கு? கடிகை வேதமும் சாஸ்திரமும் படித்த சிலருக்கானது. மற்றவர்களுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது: மணலில் எழுத்து, எண்சுவடி, சட்டாம்பிள்ளையின் அதிகாரம், வாத்தியாரின் பிரம்பு. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கச் சொல்லி, 1826இல் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அங்கே படித்த பிறகு அப்பன் தொழில்தான். கையெழுத்தும் கணக்கும் வந்தால் போதும். தறியோ, ஏரோ, கடையோ காத்திருந்தது.

காஞ்சியில் தறி எப்போதும் காத்திருந்தது. பள்ளிக்கூடமும் தறியும் ஒரே பையனுக்காக இழுபறி நடத்திய கதைதான் இந்த ஊரின் அண்மைக்கால வரலாறு.

பள்ளியின் பக்கம் முதலில் பணம் இறக்கியவர் செத்து அரை நூற்றாண்டு ஆனவர். துபாஷியாகச் சம்பாதித்த பச்சையப்ப முதலியார் 1794இல் இறக்கும் முன் சொத்தைத் தர்மங்களுக்கு எழுதிவைத்தார். பணம் வழக்கில் சிக்கிக்கொண்டது. தீர்ப்பு வந்து, மீந்த தொகை கல்விக்கென்று ஒதுங்கி, 1842இல்தான் சென்னையில் அவர் பெயரில் முதல் பள்ளி திறந்தது. பிறகு காஞ்சியிலும் ஒன்று வந்தது. ஸ்காட்லாந்து மிஷன்காரர்களும் இங்கே பள்ளி நடத்தினார்கள். ஜான் ஆண்டர்சன் பெயர் இன்றும் காஞ்சியில் ஒரு பள்ளிக்கு நிற்கிறது.

காஞ்சிப் பச்சையப்பன் பள்ளியில் படித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர், 1909 செப்டம்பர் 15இல் பிறந்த அண்ணாதுரை. வளர்த்தவர் 'தொத்தா' என்று அவர் அழைத்த ராஜாமணி அம்மாள். வீட்டுக் கஷ்டத்தில் காஞ்சி நகராட்சி அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தராக உட்கார்ந்தார். அந்த நாற்காலியிலேயே இருந்திருந்தால் பென்ஷனோடு ஓய்வு பெற்றிருப்பார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார், படிக்கும்போதே 1930இல் ராணி அம்மையாரோடு கல்யாணம், 1934இல் பி.ஏ. ஆனர்ஸ். கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியர் வேலை. அதே 1934இல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தார். 1942இல் 'திராவிட நாடு' இதழை நடத்தத் திரும்பி வந்த இடம் காஞ்சிபுரம். நூல் விலையும் தேங்கிய சரக்கும் கைத்தறிக்காரரை நெருக்கிய 1950களின் தொடக்கத்தில், தி.மு.க. தலைவர்கள் துணி மூட்டையைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். அதில் அண்ணாவும் இருந்தார். ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1957இல் ஜெயிக்க வைத்த அதே காஞ்சி, 1962இல் பஸ் முதலாளி நடேச முதலியாரிடம் அவரைத் தோற்கடித்தது. ஐந்து வருஷம் கழித்து அவர் முதலமைச்சர்.

அண்ணாவுக்கு மூன்று வயது இளையவர் நெ. து. சுந்தரவடிவேலு. 'நெ' என்பது காஞ்சிப் பக்கத்து நெய்யாடுபாக்கம். அங்கே பிறந்து, கல்வி அதிகாரியாகி, 1950களில் மாநிலத்தின் பொதுக்கல்வி இயக்குநராக உட்கார்ந்தவர். தம் பள்ளி நாட்களையும் பிறகு வந்த வாழ்க்கையையும் 'நினைவு அலைகள்' என்று மூன்று தொகுதிகளாக எழுதினார். படித்துப் போனவர்களில் பலர் ஊரை மறந்தார்கள், சிலர் ஊருக்குப் பெயர் தேடித் தந்தார்கள். இவர் செய்தது வேறு: தாம் வந்த மாதிரியான கிராமத்துப் பள்ளிக்கூடத்தையே கவனித்தார். 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, அடுத்து சீருடை, 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். முதல் மாநாடு அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில். பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டு ஊர் முன்னால் வைப்பார்கள். பெஞ்சு, மணி, கடிகாரம், சுவர், கிணறு என்று ஊர்க்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள். சர்க்கார் பணத்துக்குக் காத்திருக்காமல் ஊரின் கூச்சத்தையும் பெருமையையும் நம்பிய திட்டம் அது.

அதற்குச் சற்று முன்பு நேர் எதிரான ஒன்று வந்துபோயிருந்தது. 1953இல் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டத்தில் தினம் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, திட்டம் 1954இல் போய்விட்டது. நெசவாளர் வீடுகளில் இந்த அரை நாள் ஏற்பாடு உத்தரவு இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. பல வீடுகளில் அரை நாள் பள்ளிகூட இல்லை.

காரணம் சேலையிலேயே இருக்கிறது. காஞ்சிப் பட்டின் அசல் அடையாளம் கோர்வை: உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் பல் போலக் கோத்துக்கொள்ளும். அதற்கு மூன்று நாடா வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்த நெசவாளரால் மூன்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஓரக்கரை நாடாவை வாங்கித் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் பையனோ பெண்ணோதான். சின்ன விரல், குறைந்த கூலி. சொந்தப் பிள்ளை இல்லாவிட்டால் முன்பணம் கொடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளை. கடன் தீரும்வரை பிள்ளை தறியில். 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. பெருமைக்குரிய சேலை உலகத்தின் முன் கூனிக்குறுகி நின்ற வருஷம் அது. மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டமும் அமலுக்கு வந்தது.

இழுபறியில் கடைசியாகப் பள்ளிக்கூடம் ஜெயித்தது. சத்துணவும் சைக்கிளும் பாடப்புத்தகமும் துணை நின்றன. 1978இல் வந்த பிளஸ் டூ, கிராமத்துப் பெண்ணுக்கும் அடைய முடிகிற எல்லையாயிற்று. படித்தவர்களுக்கு வேலையும் பக்கத்திலேயே வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது; ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் செல்போன் தயாரிக்கத் தொடங்கியது. நோக்கியாவில் உச்சத்தில் எட்டாயிரம் பேர்வரை நேரடி வேலை. பலர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் இளம்பெண்கள். 2014 நவம்பரில் ஆலை மூடியது. பள்ளி முடித்து எட்டு வருஷத்துக்குள் வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் கண்டு, இழப்பீட்டோடு வீடு திரும்பியவர்களின் நினைவு அலைகளை இன்னும் யாரும் மூன்று தொகுதியாக எழுதவில்லை.

தறியில் இப்போது பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. பல வீடுகளில் மனைவி அந்த இடத்தில். கோர்வையை விட்டுவிட்டு ஒரே ஆள் நெய்யக்கூடிய சேலைக்கு மாறியவர்கள் உண்டு. ஒருவரே கோர்வை போடத் தறியைத் திருத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. பிள்ளைகளைத் தறியில் உட்கார வைக்கமாட்டேன் என்று சொல்லாத நெசவாளர் காண்பது அரிது.

சுந்தரவடிவேலுவின் யோசனைக்கு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று மறுபதிப்பு வந்தது. இந்தமுறை பணம் தரக் கம்பெனிகளும் முன்னாள் மாணவர்களும். பத்தாம் வகுப்புக் குழுக்கள் வாட்ஸ்அப்பில் கூடி, மே மாதத்தில் பழைய பள்ளியில் சந்திக்கின்றன. ஓய்வுபெற்ற வாத்தியாருக்குச் சால்வை, பள்ளிக்கு மின்விசிறியும் குடிநீர்க் கருவியும், பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறச் சேலை. ஒரே மாதிரி நாற்பது சேலை கைத்தறிக் கோர்வையில் கேட்டால், ஒரு சேலைக்குப் பன்னிரண்டு நாள் என்று வைத்தாலும் ஒரு தறிக்கு ஒரு வருஷம் போதாது, விலையும் கட்டாது. காஞ்சிப் பக்கத்துப் பள்ளியாக இருந்தாலும் ஆர்டர் சூரத்துக்குத்தான் போகிறது.