வள்ளலாரை எந்த அடுக்கில் வைப்பது?

சூளகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வாழ்பவர்கள் உண்டு. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழிக்கான கட்டம் ஒன்றுதான். நவீன மறைஞான இயக்கங்களை ஆய்வாளர்கள் வகைப்படுத்தும் விதத்தைப் படிக்கையில் எனக்கு அந்தக் கட்டம் நினைவுக்கு வருகிறது.

பிரெஞ்சு அறிஞர் அந்துவான் ஃபைவ்ர் 1992இல் மறைஞானத்துக்கு நான்கு இன்றியமையாத இயல்புகளைச் சொன்னார்: அண்டத்தின் பகுதிகளுக்கிடையே மறைவான ஒப்புமை, உயிருள்ள இயற்கை, கற்பனையாற்றலும் அது துணைகொள்ளும் இடைநிலைச் சக்திகளும், ஆளையே உருமாற்றும் அனுபவம். சமயங்களின் பொதுமை, குருவழித் தீட்சை ஆகிய இரண்டும் துணை இயல்புகள். இவை மறுமலர்ச்சிக்கால ஐரோப்பிய நூல்களிலிருந்து திரட்டியவை. அடையாற்றில் 1882 முதல் இயங்கிவரும் பிரம்மஞான சபை இச்சட்டகத்தில் பெரிய சிக்கலின்றி அமரும்.

வள்ளலார் அமர்வாரா? உடலே ஒளியுடம்பாகும் என்றார், அது உருமாற்றம். 1865இல் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே சமரசம் இருக்கிறது. ஆனால் 1867இல் வடலூரில் அவர் ஏற்றிய தருமசாலை அடுப்பை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? பசித்தவருக்குச் சோறிடுவதற்குத் தீட்சை வேண்டாம். அதில் மறைவு ஏதுமில்லை. எனக்கு அதுவே அவருடைய மையம்.

வௌட்டர் ஹானெக்ராஃப் வேறு அளவுகோலை முன்வைத்தார். புராட்டஸ்டண்டு கண்டனமும் பின்னர் அறிவொளிக்காலமும் குப்பையென ஒதுக்கியவை எல்லாம் சேர்ந்துதான் மேலை மறைஞானம் என்ற வகையே உருவானது என்பது 2012இல் அவர் வெளியிட்ட நூலின் வாதம். வள்ளலாரும் ஒதுக்கப்பட்டவர்தான். ஆனால் 1860களின் இறுதியில் அருட்பாவா மருட்பாவா என்று வழக்காடியது ஆறுமுக நாவலர் தரப்பு. அங்கே எழுந்த கேள்வி பகுத்தறிவு பற்றியதன்று. திருமுறை என்ற பெயருக்கு உரிமை யாருக்கு என்பதே கேள்வி.

இவ்விடத்தில் தொழுவூர் வேலாயுத முதலியார் குறுக்கிடுகிறார். வள்ளலாரின் மாணவர், 1867இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளைப் பதிப்பித்தவர், சென்னை மாநிலக் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர். ருஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து சகோதரத்துவம் போதிப்பார்கள் என்று தம் குரு முன்பே சொன்னதாக 1882இல் அவர் வாக்குமூலம் அளித்தார். பிரம்மஞான சபையார் மகிழ்ச்சியோடு அச்சிட்டனர். பிளாவட்ஸ்கி ருஷ்யர், ஆல்காட் அமெரிக்கர் அல்லவா! சபை நியூயார்க்கில் தோன்றியது 1875இல். வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டது 1874 ஜனவரி 30இல்.

ரிச்சர்ட் வைஸ் 2019இல் எழுதிய நூல், வள்ளலாரின் நவீனம் மேலைநாட்டுத் தாக்கத்தால் வந்ததன்று, சைவ மரபின் விளிம்பிலேயே விளைந்தது என்கிறது. இதை நான் ஏற்கிறேன். இருந்தும் வேலாயுத முதலியாரை என்ன செய்வது? எட்டாண்டுகளுக்குள் குருவை அயல்நாட்டுச் சபையோடு இணைத்தவர் வெளியாள் அல்லர். பாடல்களைப் பதிப்பித்தவரே அதைச் செய்தார்.