பிக்கப் சரக்குந்தின் இழுவைத் திறன்

பிக்கப் சரக்குந்தின் இழுவைத் திறன் என்பது, ஒரு பிக்கப் சரக்குந்து இழுத்துச் செல்லக்கூடியதாக அதன் உற்பத்தியாளர் அறிவிக்கும் டிரெய்லரின் உச்ச எடை ஆகும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும், படுக்கை, சமையலறை, கழிவறை முதலிய வசதிகள் கொண்ட பயண டிரெய்லர்களைச் சொந்த ஊர்தியில் பூட்டி விடுமுறைப் பயணம் செல்வது பரவலான வழக்கம். இதற்கான சரக்குந்தைத் தெரிவு செய்யும்போது இழுவைத் திறனுடன் வேறு சில எடை வரம்புகளும் கணக்கில் கொள்ளப்படுகின்றன.

வகைகள்

வட அமெரிக்கப் பிக்கப் சரக்குந்துகள் அரை டன், முக்கால் டன், ஒரு டன் என வகைப்படுத்தப்படுகின்றன. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-150, எஃப்-250, எஃப்-350 ஆகியன முறையே இவற்றுக்கு எடுத்துக்காட்டுகள். இப்பெயர்கள் முற்காலச் சரக்குந்துகளின் சுமைதிறனைக் கொண்டு எழுந்தவை. இன்றைய சரக்குந்துகளின் சுமைதிறன் பொதுவாக இவற்றினும் மிகுதி.

எடை வரம்புகள்

* சுமைதிறன்: சரக்குந்து தன்மேல் தாங்கக்கூடிய எடை. பயணிகள், பொருட்கள், இணைப்புக் கருவி, டிரெய்லரின் முனை எடை ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும். இவ்வளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.
* முனை எடை: டிரெய்லரின் முன்முனை இணைப்பின்மேல் அழுத்தும் எடை. பயண டிரெய்லர்களில் இது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருத்தல் வேண்டும். இது குறைந்தால் டிரெய்லர் ஓட்டத்தில் பக்கவாட்டில் அலைந்து, ஊர்தி கட்டுப்பாட்டை இழக்கக்கூடும்.
* கூட்டு எடை வரம்பு: சுமையேற்றிய சரக்குந்தும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை.

எடுத்துக்காட்டு

இழுவைத் திறன் 4,500 கிகி, சுமைதிறன் 700 கிகி கொண்ட ஒரு சரக்குந்து 3,200 கிகி எடையுள்ள டிரெய்லரை இழுப்பதாகக் கொள்வோம். முனை எடை 13 விழுக்காடு எனில் 416 கிகி ஆகும். நான்கு பயணிகள் 300 கிகி, இணைப்புக் கருவி 40 கிகி எனில் மொத்தச் சுமை 756 கிகி. இழுவைத் திறனில் 1,300 கிகி எஞ்சியிருந்தும் சுமைதிறன் 56 கிகி மீறப்படுகிறது. அரை டன் வகையில் பெரும்பாலும் சுமைதிறனே முதலில் எட்டப்படும் வரம்பாக அமைகிறது.

சீர்தரம்

முன்னர் ஒவ்வொரு உற்பத்தியாளரும் தத்தம் முறைப்படி இழுவைத் திறனை அறிவித்து வந்தனர். இதனால் இரு நிறுவனங்களின் அளவுகளை ஒப்பிடுதல் கடினமாயிருந்தது. 2008 இல் எஸ்ஏஈ ஜே2807 என்னும் பொதுச் சீர்தரம் வெளியானது. டொயோட்டா நிறுவனம் தனது 2011 மாதிரிகளில் இதனை முதலில் கடைப்பிடித்தது. இதன் சோதனைகளுள் ஒன்று, அரிசோனா மாநிலத்தின் டேவிசு அணைக்கு அருகிலுள்ள 11.4 மைல் (ஏறத்தாழ 18 கிமீ) ஏறுபாதையை அடிப்படையாகக் கொண்டது.

மலைப்பாதைகள்

உயரம் செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால், சுழலூட்டி இல்லாத எந்திரங்கள் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆற்றலை இழக்கின்றன. சுழலூட்டி பொருத்திய எந்திரங்களில் இவ்விழப்பு குறைவு. இறக்கங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்த டீசல் சரக்குந்துகளிலுள்ள வெளியேற்றத் தடுப்பு உதவுகிறது.

இணைப்பும் தடுப்பும்

முனை எடை மிகும்போது சரக்குந்தின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடிப்புக் குறைகிறது. எடைப் பகிர்வு இணைப்பு இவ்வெடையின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் மாற்றுகிறது. எனினும் இது சரக்குந்தின் இழுவைத் திறனையோ சுமைதிறனையோ உயர்த்துவதில்லை. பெரிய டிரெய்லர்களில் தனி மின்தடுப்புகள் பொருத்தப்படுகின்றன. அவற்றை இயக்கும் கட்டுப்படுத்தி ஓட்டுநர் அறையில் அமைந்திருக்கும்.