பாய்காட் (ஆங்கில வினைச்சொல்)

பாய்காட் என்னும் ஆங்கில வினைச்சொல், ஒருவருடனோ நிறுவனத்துடனோ நாட்டுடனோ உள்ள தொடர்புகளை எதிர்ப்பின் அடையாளமாகப் பலர் கூடித் துண்டித்துக்கொள்வதைக் குறிக்கும். தமிழில் இது புறக்கணித்தல், பகிஷ்கரித்தல் என வழங்கப்படுகிறது. ஒரு மனிதரின் குடும்பப் பெயரிலிருந்து இச்சொல் பிறந்தது. அது புறக்கணிப்பை நடத்தியவரின் பெயரன்று. அதற்கு ஆளானவரின் பெயர்.

பின்னணி

இங்கிலாந்தில் பிறந்த சார்லஸ் கன்னிங்காம் பாய்காட் (1832–1897), அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்து குத்தகை வசூலித்தார். 1879இல் விளைச்சல் பொய்த்தது. அடுத்த ஆண்டு குத்தகையில் 25 விழுக்காடு குறைக்குமாறு குடியானவர்கள் கேட்டனர். பிரபு 10 விழுக்காட்டுக்கே இசைந்தார். செப்டம்பர் 1880இல் பாய்காட், 11 குத்தகையாளர்களை வெளியேற்றும் நடவடிக்கையில் இறங்கினார்.

புறக்கணிப்பு

அம்மாதம் 19ஆம் நாள் என்னிஸ் நகரில் பேசிய நிலச் சங்கத் தலைவர் பார்னெல், வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எடுத்துக்கொள்பவரைக் கொல்வதைவிட, தெருவிலும் கடையிலும் வழிபாட்டிடத்திலும் ஒதுக்கிவைப்பதே நல்ல வழி என்றார். மேயோ மக்கள் அம்முறையை முகவர் மீதே பயன்படுத்தினர். வேலையாட்கள் நின்றுவிட்டனர். கடைக்காரர்கள் பொருள் தரவில்லை. குதிரைக்கு லாடம் அடிக்கவும் துணி வெளுக்கவும் ஆள் கிடைக்கவில்லை. கிழங்குகள் மண்ணிலேயே கிடந்தன.

நவம்பரில் வெளி மாவட்டங்களிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தனர். அவர்களின் காவலுக்கு ஏறத்தாழ 1,000 படைவீரரும் காவலரும் நிறுத்தப்பட்டனர். சுமார் 500 பவுண்டு மதிப்புள்ள விளைச்சலைக் காக்க 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்கிடப்பட்டது. டிசம்பர் 1 அன்று பாய்காட் அயர்லாந்தைவிட்டு வெளியேறினார்.

சொல் பிறந்த விதம்

ஒதுக்கிவைத்தலைக் குறிக்க ஆங்கிலத்தில் ஆஸ்ட்ரசைஸ் என்ற சொல் முன்பே இருந்தது. பண்டைய ஏதென்சில், நாடு கடத்தப்பட வேண்டியவரின் பெயரை மட்பாண்ட ஓடுகளில் எழுதி வாக்களித்த வழக்கத்திலிருந்து வந்தது அது. இச்சொல் குடியானவர்களுக்கு விளங்காது என்று கருதிய பாதிரியார் ஜான் ஓமாலி, அதற்குப் பதிலாகப் பாய்காட் என்பதையே வினைச்சொல்லாக்கலாம் என்றார். அவருடன் உரையாடிய அமெரிக்க இதழாளர் ஜேம்ஸ் ரெட்பாத் இதைப் பதிவு செய்துள்ளார்.

பரவல்

1880 முடிவதற்குள் இலண்டன் நாளிதழ்களில் இச்சொல் இடம்பெற்றது. பின்னர் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யம் முதலிய மொழிகளிலும் நுழைந்தது. வங்கப் பிரிவினைக்கு எதிராக 1905இல் அந்நியப் பொருள்களை விலக்கிய இந்தியர்களும் தம் போராட்டத்தை இச்சொல்லாலேயே அழைத்தனர். ஆங்கில ஆட்சியில் ஒரு நிலப்பிரபுவுக்குக் குத்தகை வசூலித்தவரின் பெயர், 25 ஆண்டுகளில் அதே ஆட்சியை எதிர்த்தவர்களின் முழக்கமாயிற்று.