கன்கார்டியா என்றால் ஒருமனம்



கம்பெனி லா படிக்க வேண்டிய நேரத்தில் சர்ச் வரலாறு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இவனுக்கு என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. ஆம்பூர் பக்கத்திலிருந்து வரும் நம் கிளாஸ் பசங்களுக்கு 'கன்கார்டியா' என்ற பெயர் நன்றாகத் தெரியும். ஆம்பூரில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தின் பெயர். அதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? ஏதோ வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்றுதான் நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். அது லத்தீன் வார்த்தை. பொருள், ஒருமனம். அந்தப் பெயரில் 1580ல் ஜெர்மனியில் ஒரு புத்தகம் வந்தது. லுத்தரன் சபைகள் எதை நம்புகின்றன என்பதை ஒரே கட்டாகத் தொகுத்த புத்தகம் அது.

இதையெல்லாம் நான் தேடக் காரணம் ஒரு கல்யாணம். கிளாஸ்மேட் ஒருவனின் அக்கா கல்யாணத்துக்காக பேரணாம்பட்டு வழியாக ஆம்பூர் போயிருந்தோம். மறுநாள் ஞாயிறு. நண்பனின் குடும்பம் லுத்தரன், அவர்களோடு நாங்களும் சர்ச்சுக்குப் போனோம். நான் கிறிஸ்தவன் இல்லை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே கூடும் குடியாத்தத்துக்காரன். அதனால் கடைசி பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்துவிட்டேன். என்னோடு வந்த இன்னொரு நண்பன் சி.எஸ்.ஐ. சபைக்காரன். திருவிருந்து நேரம் வந்ததும் வழக்கம் போல எழுந்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் மெல்லக் கையைப் பிடித்து, "நீங்க உட்காருங்க தம்பி, இது நம்ம சபையாருக்கு மட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். ஆனால் என் நண்பனின் முகம் சுருங்கிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டான். "நானும் அதே இயேசுவைத்தானே கும்பிடறேன்? அப்புறம் ஏன் மச்சி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடித்தான் இந்தப் பதிவு.

வேலை போன இரண்டு பேர்

நம் பகுதி லுத்தரன் சபையின் பெயர் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, சுருக்கமாக ஐ.இ.எல்.சி. இதன் தொடக்கம் 1895, கிருஷ்ணகிரி. அப்போது அது சேலம் மாவட்டம். தொடங்கியவர் தியோடர் நேத்தர் என்ற ஜெர்மானியர். அவரோடு பிரான்ஸ் மோன் என்பவரும் இருந்தார். இருவரும் தமிழ்நாட்டுக்குப் புதியவர்கள் இல்லை. அதற்கு முன்பே லைப்சிக் மிஷன் என்ற ஜெர்மன் அமைப்பின் மிஷனரிகளாக இங்கே வேலை செய்தவர்கள். 1893ல் அந்த மிஷன் இருவரையும் வேலையிலிருந்து நீக்கியது.

பணம் கையாடல், ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை. ஒரு கொள்கைதான் காரணம். பைபிள் வார்த்தைக்கு வார்த்தை கடவுளால் அருளப்பட்டது, அதில் பிழையே கிடையாது என்பது அந்தக் கொள்கை. மிஷன் இதில் உறுதியாக நிற்க வேண்டும் என்று இருவரும் கேட்டார்கள். தலைமை அவர்கள் எதிர்பார்த்த உறுதியைத் தரவில்லை.

இதன் பின்னணியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பைபிளை மற்ற பழைய நூல்களைப் போலவே ஆராயும் வழக்கம் வளர்ந்தது. பைபிளின் முதல் ஐந்து புத்தகங்களை மோசே எழுதவில்லை, பல காலத்தில் பல பேர் எழுதியது பின்னால் தொகுக்கப்பட்டது என்று வெல்ஹவுசன் போன்ற அறிஞர்கள் சொன்னார்கள். டார்வினின் புத்தகம் 1859லேயே வந்துவிட்டது. பழமையில் ஊறிய சபைகளுக்குள்ளும், "முக்கியமான விஷயங்களில் பைபிள் சரி, சின்னச் சின்னத் தகவல்களில் பிழை இருக்கலாம்" என்று பேச்சு வந்தது.

இந்த இடத்தில்தான் நேத்தர் போன்றவர்கள் கோடு கிழித்தார்கள். ஒரு பிழையை ஒப்புக்கொண்டால் எது பிழை, எது சரி என்று தீர்மானிப்பது யார்? மனிதன்தானே? அப்படியானால் வேதத்துக்கு மேலே மனித புத்தி உட்கார்ந்துவிடுகிறது. இதுதான் அவர்கள் வாதம். ஒப்புக்கொள்வதும் கொள்ளாததும் நம் விருப்பம். ஆனால் வாதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது.

ஜப்பானுக்குப் போக வேண்டியது

வேலை போன இருவருக்கும் கதவு திறந்தது அமெரிக்காவில். மிசௌரி சினாடு என்ற லுத்தரன் சபை அங்கே இருந்தது. அதன் கதையும் இதே மாதிரிதான். ஜெர்மனியில் சொந்த சபை கொள்கையை விட்டு விலகுகிறது என்று மனம் நொந்த சாக்சனிக்காரர்கள் 1838-39ல் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அவர்களும் வேறு சில ஜெர்மானியக் குடியேறிகளும் சேர்ந்து 1847ல் சிகாகோவில் கூடி அமைத்ததுதான் இந்த சினாடு.

1893ல் வெளிநாட்டில் மிஷன் தொடங்க சினாடு முடிவு செய்தது. அப்போது மனதில் இருந்த நாடு ஜப்பான்! அந்த நேரத்தில்தான் தமிழ் தெரிந்த, அனுபவமுள்ள, தங்களைப் போலவே நம்புகிற இரண்டு பேர் வேலை இல்லாமல் இருக்கும் செய்தி கிடைத்தது. ஜப்பான் இந்தியா ஆனது. அந்த மிஷன் வேலையைக் கவனித்தவர்களில் ஒருவரான சூக்கர், தானே முன்னாள் லைப்சிக் மிஷனரி. 1876லேயே கொள்கைக் காரணத்துக்காக அந்த மிஷனை விட்டு வெளியேறியவர்.

யோசித்துப் பாருங்கள். லைப்சிக்கில் ஒரு வாக்கியத்துக்காகச் சண்டை வராமல் இருந்திருந்தால் ஆம்பூரில் கன்கார்டியா பள்ளி இல்லை, பெதஸ்தா ஆஸ்பத்திரியும் இல்லை. அவை ஜப்பானில் ஏதோ ஓர் ஊரில் இருந்திருக்கும்.

கிருஷ்ணகிரியில் தொடங்கிய வேலை ஆம்பூர், வாணியம்பாடி என்று பரவியது. 1907ல் நாகர்கோவில் பக்கமும் போனது. நேத்தர் அதைப் பார்க்கவில்லை. 1896ல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக் நோய் மெல்ல மெல்லத் தெற்கே இறங்கியிருந்தது. 1904ல் அதே நோயில் அவர் இறந்துபோனார். கொள்கைக்காக வேலையை விட்டவர், வந்த ஊரையும் விட்டு ஓடவில்லை.

அப்படி என்னதான் நம்புகிறார்கள்?

நம் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் மெமோராண்டம் உண்டு. அதில் சொல்லாத காரியத்தை கம்பெனி செய்தால் செல்லாது, அல்ட்ரா வைரஸ். 1875ன் ஆஷ்பரி ரயில்வே கேரேஜ் வழக்கை மனப்பாடம் செய்தோமே! லுத்தரன் சபைக்கு அந்த 1580 புத்தகம் கிட்டத்தட்ட மெமோராண்டம் மாதிரி. லுத்தர் 1529ல் எழுதிய சிறிய ஞானோபதேசமும், 1530ன் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் அதில் அடக்கம். ஆனால் அந்தப் புத்தகத்துக்கும் மேலே பைபிள். அதற்கு மேலே எதுவும் இல்லை.

சாரத்தை இப்படிச் சுருக்கலாம்.

ஒன்று, வேதம் மட்டுமே அளவுகோல். போப்போ, பாரம்பரியமோ, பகுத்தறிவோ அதைத் திருத்த முடியாது.

இரண்டு, மனிதன் தன் நற்செயலால் மீட்பு பெற முடியாது. கடவுளின் கிருபையால், இயேசு மேல் வைக்கும் விசுவாசத்தால் மட்டுமே நீதிமான் ஆகிறான். நல்ல காரியம் செய்ய வேண்டும், ஆனால் அது விசுவாசத்தின் பலன், விலை அல்ல. சபை நிற்பதும் விழுவதும் இந்த ஒரு கொள்கையில்தான் என்பார்கள்.

மூன்று, குழந்தைக்கும் ஞானஸ்நானம் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்த பிறகு, தானே விசுவாசித்த பிறகுதான் கொடுப்பார்கள். லுத்தரன் விளக்கம் வேறு. ஞானஸ்நானம் மனிதன் கடவுளுக்குச் செய்யும் சாட்சி அல்ல, கடவுள் மனிதனுக்குச் செய்யும் காரியம். அதற்கு வயது எதற்கு?

நான்கு, திருவிருந்து. என் நண்பனின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்த அப்பமும் திராட்சரசமும் வெறும் நினைவுச் சின்னம் இல்லை, அவற்றோடு இயேசுவின் உண்மையான சரீரமும் இரத்தமும் இருக்கின்றன என்பது லுத்தரன் நம்பிக்கை. 1529ல் மார்பர்க் என்ற ஊரில் லுத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்ளியும் இதைப் பற்றித்தான் வாதாடினார்கள். அப்பம் ஓர் அடையாளம் என்றார் சுவிங்ளி. லுத்தர் இயேசுவின் வார்த்தையைச் சுண்ணக்கட்டியால் மேசை மேல் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு எழுத்தும் நகர மாட்டேன் என்று நின்றார். மற்ற எல்லா விஷயத்திலும் உடன்பாடு வந்தது, இந்த ஒன்றில் வரவில்லை. அதோடு இரண்டு பாதை பிரிந்தது.

1947 செப்டம்பர் 27ல் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன் முதலிய சபைகள் இணைந்து சி.எஸ்.ஐ. பிறந்தது. லுத்தரன்கள் அதில் சேரவில்லை. பிறகு பேச்சுவார்த்தை நடந்தும் இணைப்பு நடக்கவில்லை. ஆக, அன்றைக்கு அந்தப் பெரியவர் என் நண்பனின் கையைப் பிடித்தபோது, மார்பர்க் மேசையின் சண்டை ஆம்பூர் பெஞ்சு வரைக்கும் வந்திருந்தது.

அவர்கள் தரப்பு நியாயம் என்னவென்றால், ஒரே பந்தியில் உட்கார்ந்தால் ஒரே நம்பிக்கை என்று ஊருக்குச் சொல்வதாக அர்த்தம். நம்பிக்கை வேறாக இருக்கும்போது சேர்ந்து உட்காருவது பொய். அவமானப்படுத்த அல்ல, பொய் சொல்லாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு.

வாணியம்பாடி மிஷனரி

இதோடு முடித்திருந்தால் நேத்தரைப் புகழ்ந்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இன்னொருவர் கதையும் கண்ணில் பட்டது.

அடால்ப் புருக்ஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தில் செமிட்டிக் மொழிகளில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1920களில் அதே மிசௌரி மிஷன் சார்பில் வாணியம்பாடி முஸ்லிம்கள் மத்தியில் வேலை செய்ய வந்தார். அவர் செய்த தப்பு என்ன தெரியுமா? வேறு சபை கிறிஸ்தவர்களோடு சேர்ந்து ஜெபித்தார். அவ்வளவுதான். கொள்கை ஒன்றாக இல்லாதவர்களோடு ஜெபிப்பதும் தவறு என்பது அப்போது சினாடின் கண்டிப்பான நிலை. பைபிளில் அப்படி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டார் புருக்ஸ். 1935ல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சர்ச்சை பல வருடம் நீண்டது. விடுப்பில் அமெரிக்கா போனவர் வாணியம்பாடிக்கு மிஷனரியாகத் திரும்பவே இல்லை.

இது எனக்குத் திக்கென்று இருந்தது. மனசாட்சிக்காக வேலை இழந்த இருவரை வைத்துத் தொடங்கிய மிஷன், நாற்பது வருடத்துக்குள் இன்னொருவரை அதே மனசாட்சிக் காரணத்துக்காக வெளியே நிறுத்திவிட்டது. இரண்டு பக்கமும் கையில் வைத்திருந்தது ஒரே பைபிள். வேதம் மட்டுமே அளவுகோல் என்று நேத்தர் சொன்னதைத்தான் புருக்ஸும் சொன்னார். சபையின் பழக்கத்தைப் பார்த்துச் சொன்னதுதான் வித்தியாசம்.

பிறகு 1944ல் மிசௌரி சினாடு, எல்லாச் சேர்ந்த ஜெபமும் தவறில்லை என்ற பொருளில் ஒரு வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. புருக்ஸுக்கு அது காலம் கடந்த நியாயம்.

காலம் இங்கேயும் மாற்றியிருக்கிறது. 1950களின் இறுதியில் மிஷன், ஐ.இ.எல்.சி. என்ற சுதந்திரமான இந்திய சபையானது. நேத்தரை நீக்கிய லைப்சிக் மிஷனின் வழியில் வந்தது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, 1919ல் உருவானது. இன்று இரண்டு சபைகளும் இந்திய லுத்தரன் சபைகளின் கூட்டமைப்பில் ஒன்றாக இருக்கின்றன. உலக லுத்தரன் சம்மேளனத்திலும் இரண்டுமே உறுப்பினர்கள். பிரிந்து வந்த வீட்டோடு மறுபடி பேச்சு வார்த்தை ஆகிவிட்டது.

நண்பனுக்குச் சொன்ன பதில்

போன வாரம் இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அந்தப் பெரியவர் மேல இப்ப கோபம் இல்ல. ஆனா வருத்தம் இருக்கு" என்றான். அது சரியான பதில் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொள்கை என்பது பழைய புத்தகத்தில் தூங்கும் வார்த்தை என்று நினைத்திருந்தேன். ஒரு வாக்கியம் ஒருவரைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டி வந்தது, ஒருவரை வாணியம்பாடிக்குத் திரும்ப விடாமல் செய்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நண்பனைப் பெஞ்சில் உட்கார வைத்தது. எதையும் உறுதியாக நம்பாதவனுக்கு இந்தச் சிக்கலே வராது. ஆனால் பிளேக் வந்த ஊரில் நேத்தர் மாதிரி கடைசி வரை நிற்கவும் அவனால் முடியுமா என்று தெரியவில்லை. உறுதியாக நம்புகிறவன் ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். எதிரே நிற்கிறவனுக்கும் ஒரு மனசாட்சி இருக்கிறது.

அடுத்த முறை ஆம்பூரில் அந்தப் பள்ளியைத் தாண்டும்போது பெயர்ப் பலகையைப் பாருங்கள். ஒருமனம். பெயர் வைப்பது சுலபம் :-)

கம்பெனி லா கூப்பிடுகிறது. உங்கள் கருத்து எதுவானாலும் சொல்லுங்கள், தப்பிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். மீண்டும் சந்திப்போம்.