டிரோனுக்குக் காது முளைத்த கதை

போன மாதம் ஒரு தம்பி கிளினிக்குக்கு வந்தார். ஓசூர் சிப்காட்டில் வேலை. வலது ஆள்காட்டி விரலில் மூன்று இடத்தில் வெட்டு.

"மெஷின்ல மாட்டிக்கிச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், டிரோன்."

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கோத்த நான்கு விசிறி டிரோன். பெரிய பேட்டரி, பெரிய விசிறி மாற்றியிருக்கிறார். மேஜை மேல் வைத்து செட்டிங் பார்க்கும்போது மோட்டார் திடீரென ஓடிவிட்டது.

தையல் போட்டுக்கொண்டே கேட்டேன். "எதுக்குத் தம்பி இவ்ளோ பெருசு?"

"சானமாவு காட்டுக்கு யானை வந்திருக்கு சார். மேல இருந்து எடுத்தா செமையா இருக்கும்."

அந்தப் பதிலுக்காகத்தான் இந்த நீண்ட இழை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கதை பிரான்சில் ஆரம்பித்து சானமாவில் முடியும்.

1907. பிரான்சின் டூவே நகரம். லூயி பிரெகே, ஜாக் பிரெகே என்ற சகோதரர்கள் நான்கு மூலையிலும் சுழலிகள் வைத்த ஒரு பெரிய எந்திரத்தைக் கட்டினார்கள். ஆளை ஏற்றிக்கொண்டு தரையை விட்டு எழும்பிய முதல் நான்கு சுழலி எந்திரம் அதுதான். எவ்வளவு உயரம்? சுமார் 2 அடி!

அந்த 2 அடிக்கும், நான்கு மூலையில் நான்கு பேர் நின்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விட்டால் கவிழ்ந்துவிடும்.

அந்த எந்திரத்தின் பெயர் பிரெகே-ரிஷே. இந்த ரிஷே யார் தெரியுமா? சார்ல்ஸ் ரிஷே. எங்கள் துறைக்காரர்! உடலியங்கியல் பேராசிரியர். ஊசி போட்டதும், குளவி கொட்டியதும் சிலருக்கு மூச்சுத் திணறி, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிறதே, அந்த 'அனாபிலாக்சிஸ்' ஒவ்வாமையை ஆராய்ந்து 1913-ல் நோபல் பரிசு வாங்கியவர். இன்று நாம் பறக்கவிடும் டிரோனின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு மருத்துவ விஞ்ஞானியின் பெயர்.

சரி, அந்த எந்திரத்தில் என்ன குறை? தூக்கும் சக்தி இருந்தது. இல்லாதது சமநிலை உணர்வு.

கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். விழ மாட்டீர்கள். காரணம், உங்கள் உள்காது. அதற்குள் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அவை ஒவ்வொரு நொடியும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உடனே மூளை தசைகளைத் திருத்துகிறது. அதில் கோளாறு வந்தால் தலைசுற்றல் வரும்.

இந்த உள்காதின் வேலையை ஆராய்ந்த ராபர்ட் பாரனி வாங்கியது 1914-ம் ஆண்டுக்கான நோபல். அதாவது ரிஷேவுக்கு அடுத்த வருடப் பரிசு! ரிஷே பெயர் தாங்கிய எந்திரத்தில் எது இல்லையோ, அதை ஆராய்ந்தவருக்கு அடுத்த பரிசு. வரலாறு சில நேரம் இப்படிக் கண்ணடிக்கும்.

அதன்பிறகும் முயன்றார்கள். 1922 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்துக்காக போத்தெசா என்பவர் கட்டிய நான்கு சுழலி எந்திரம் 1 நிமிடம் 42 விநாடி மிதந்தது. 1924 மே மாதம் பிரான்சில் ஓமிஷென் 1 கிலோமீட்டர் சுற்றி வந்தார். ஆனால் இரண்டுமே ஓட்டுபவரைப் பிழிந்து எடுத்தன. நான்கு மூலையையும் ஒரே நேரத்தில் கவனித்து, சாயும் முன்பே திருத்த மனிதக் கை போதாது. ராணுவம் கைவிட்டது. ஹெலிகாப்டர்கள் வேறு வழியில் வளர்ந்தன.

அடுத்த 80 வருடம் நான்கு சுழலி என்பது பெரும்பாலும் ஓரமாகக் கிடந்த யோசனைதான்.

அப்புறம் எப்படி மீண்டது? விமானக் கம்பெனிகளால் அல்ல. கார்களாலும் விளையாட்டுப் பொருளாலும்!

கார் வழுக்கினால் கண்டுபிடிக்கவும், காற்றுப்பை விரியவும் சின்ன சென்சார்கள் தேவைப்பட்டன. அவை அரிசி மணி அளவுக்குச் சுருங்கின, விலை குறைந்தன. 2006-ல் நின்டெண்டோ 'வீ' என்ற வீடியோ கேம் வந்தது. கையை அசைத்தே விளையாடலாம். 2009-ல் அதன் ரிமோட்டோடு சேர்க்க ஒரு துணைக்கருவி விட்டார்கள். அதற்குள் இருந்தது, சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப்.

அரைவட்டக் குழாய் செய்யும் அதே வேலை!

பொழுதுபோக்காக விமானம் விடுபவர்கள் அந்தப் பொம்மையைப் பிரித்தார்கள். ஜைரோவை எடுத்து ஆர்டுயினோ என்ற சின்ன கம்ப்யூட்டர் பலகையோடு ஒயரால் இணைத்தார்கள். அலெக்சாண்டர் துபுஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கான மென்பொருளை எழுதி 2010 வாக்கில் இலவசமாகக் கொடுத்தார். பெயர் 'மல்டிவீ'. பெயரிலேயே அந்தப் பொம்மை இருக்கிறது பாருங்கள். அதே 2010-ல் பாரட் நிறுவனத்தின் ஏ.ஆர். டிரோன், 2013-ல் டிஜேஐ-யின் ஃபேன்டம் என்று கடைக்கு வந்தன.

டிரோனுக்குக் காது முளைத்தது. நான்கு ஆட்கள் பிடிக்க வேண்டிய எந்திரம் தானே நின்றது.

நம் ஊரும் சும்மா இல்லை. 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மருத்துவ அவசரத்தை மையமாக வைத்து நடந்த ஆளில்லா விமானப் போட்டியில், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' அணி இரண்டாம் இடம் பிடித்தது. ஆலோசகர் யார்? நடிகர் அஜித். அவரும் பொழுதுபோக்காகக் குட்டி விமானம் விட்டவர்தான்.

இப்போ அந்தத் தம்பியின் விரலுக்கு வருவோம்.

டிரோனின் கணினி மூன்று விஷயம் பார்க்கும். இப்போ எவ்வளவு சாய்ந்திருக்கு, இதுவரை எவ்வளவு சாய்ந்தே இருந்தது, எவ்வளவு வேகமா சாயுது. இந்த மூன்றையும் வைத்து மோட்டார் வேகத்தை மாற்றும். சிறுமூளை பாதித்தவரிடம் மூக்கைத் தொடச் சொன்னால் விரல் இலக்கைத் தாண்டிப் போய், திரும்பி வந்து ஆடும். பெரிய விசிறி மாட்டிவிட்டுப் பழைய செட்டிங்கிலேயே பறந்தால் டிரோனுக்கும் அதே நடுக்கம்தான். விசிறி லேசாக வளைந்திருந்தால் அந்த அதிர்வைச் சாய்வு என்று ஜைரோ நம்பிவிடும். மோட்டார் கொதிக்கும். பேட்டரியை இரண்டு மடங்காக்கினால் பறக்கும் நேரம் இரண்டு மடங்காகாது. எடையும் கூடுதே!

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: மேஜையில் செட்டிங் மாற்றும்போது விசிறியைக் கழற்றிவிடுங்கள். தையல் மிச்சம்.

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். 2014 அக்டோபரில் பொதுமக்கள் டிரோன் விடவே தடை வந்தது. 2018 டிசம்பரில் முறையான விதிகள். 2021 ஆகஸ்டில் இன்னும் எளிய விதிகள். 250 கிராம் வரை நானோ வகை. 2 கிலோ வரையிலான மைக்ரோ வகையை வணிகம் அல்லாமல் விட்டால் பைலட் உரிமம் வேண்டாம். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் ஓசூர்க்காரர்களே, பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதை மறக்காதீர்கள். 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடம் பார்க்காமல் கிளப்பாதீர்கள்.

கடைசியாக, சானமாவு.

ஒவ்வொரு வருடமும் ராகி முற்றும் சமயத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டங்கள் வருகின்றன. பல நாள் சானமாவு காட்டில் தங்குகின்றன. சுற்றிலும் ராகி வயல், தக்காளித் தோட்டம், கம்பெனிகள், நெடுஞ்சாலை. ராத்திரி காவலுக்கு வயலில் படுத்திருக்கும் விவசாயிகள். வனத்துறை டிரோன் விட்டுக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து ஊர்களை எச்சரிக்கிறது. ராத்திரியில் வெப்பக் கேமரா இருந்தால் யானையின் உடல் சூட்டையே பார்க்கலாம். அந்தத் தகவல் ஒரு உயிரைக் காப்பாற்றும்.

அதே டிரோனை நாம் ரீல்ஸுக்காக விட்டால்?

கலைந்த தேனீக்களின் ரீங்காரத்தைக் கேட்டு ஆப்பிரிக்க யானைகள் ஓடுவதை லூசி கிங் குழு 2007-ல் கென்யாவில் பதிவு செய்தது. தான்சானியாவில் பயிருக்கு வந்த யானைகளை விரட்டவே டிரோனைப் பயன்படுத்தினார்கள். அதாவது நம் டிரோன் சத்தமே ஒரு விரட்டல். தெரிந்தவர் விரட்டினால் காட்டுக்குள் போகும். தெரியாதவர் விரட்டினால் எந்தப் பக்கம் ஓடும்? வயலில் படுத்திருப்பவர் பக்கமா, நெடுஞ்சாலைப் பக்கமா?

யானை மிதித்த உடம்பை நான் பார்த்திருக்கிறேன். அதற்குத் தையல் போட முடியாது.

தையல் பிரிக்க வந்தபோது தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ எங்க சார் பறக்க விடுறது?" என்றார். ஆளில்லாத காலி மைதானம், பகல் வெளிச்சம், பச்சை மண்டலம், கண்ணுக்கு எட்டும் தூரம். இது போதும் தம்பி.

யானை இருக்கும் காட்டு மேல வேண்டாம். அங்கே அந்த வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

டிரோன் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் இந்த இழையை அவருக்கு அனுப்புங்கள்.