முடிவுள்ள பேரண்டமும் சென்னை நாத்திகமும்: 1882 – 1935

ஆய்வுச்சுருக்கம்

பேரண்டத்தின் முடிவும் அதில் வாழும் உயிர்களின் முடிவும் பற்றிய சிந்தனை, 1882 முதல் 1935 வரையிலான சென்னை நாத்திக வரலாற்றில் பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இலௌகிக சங்கத்தார், அடையாற்றுப் பிரம்மஞான சபையார், ம. சிங்காரவேலர், மயிலாப்பூரில் வளர்ந்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆகியோர் இதில் எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். கடவுளை மறுப்போர் உலகின் அழிவை எளிதில் ஏற்பர், நம்புவோர் அதற்கு அஞ்சுவர் என்னும் பொதுக்கருத்து இவர்கள் வரலாற்றுக்குப் பொருந்தவில்லை என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: நாத்திகம், உலகாயதம், ஒடுக்கம், வெப்பச் சாவு, சிங்காரவேலர், சந்திரசேகர், மயிலாப்பூர், அடையாறு

முன்னுரை

1852-ஆம் ஆண்டு வில்லியம் தாம்சன், ஆற்றல் சிதறிக்கொண்டே செல்வதால் புவி ஒரு காலத்தில் மனிதர் வாழத் தகுதியற்றதாகும் என்று எழுதினார். இரண்டாண்டு கழித்து எல்ம்ஹோல்ட்ஸ் அம்முடிவைப் பேரண்டம் முழுமைக்கும் விரித்துரைத்தார். பிற்காலத்தில் இது ‘வெப்பச் சாவு’ எனப் பெயர் பெற்றது. சார்லஸ் டார்வினின் தன்வரலாறு அவர் மறைவுக்குப்பின் 1887-இல் வெளிவந்தது. மனிதன் மேன்மேலும் செம்மையுறுவான் என நம்பும் ஒருவருக்கு, உயிர்கள் யாவும் இறுதியில் அடியோடு அழியும் என்னும் எண்ணம் தாங்கொணாதது என்று அவர் அதில் ஒப்புக்கொண்டிருந்தார். ஆன்மாவின் அழியாமையை நம்புவோர்க்கு இவ்வழிவு அத்துணைக் கொடிதாகத் தோன்றாது என்பதும் அவர் குறிப்பு.

நாத்திகத்தின் முன் இவ்வாறு ஒரு வினா எழுந்தது. கடவுள் இல்லை, மறுமை இல்லை, உயிர்க்குலமும் நிலைக்கப்போவதில்லை என்றால் மனித முயற்சிக்கு என்ன மதிப்பு? ஐரோப்பிய அறிஞர் இவ்வினாவோடு பல்லாண்டு மல்லாடினர். அதே காலத்தில் சென்னையிலும் அமைப்புச் சார்ந்த நாத்திகம் இருந்தது, அச்சில் இதழ்கள் இருந்தன, வாசகர் இருந்தனர். அங்கு இவ்வினா என்னவாயிற்று என்பதே இங்குக் கேட்கப்படுவது.

ஒடுக்கத்திலிருந்து கடவுளுக்கு

தமிழ்ச் சமய வாத மரபில் உலகின் முடிவு புதிய பொருளன்று. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் முதற் சூத்திரத்திலேயே ஒடுக்கத்தைக் கொண்டு கடவுளை நிறுவுகிறது. உயர்திணையும் அஃறிணையுமாகப் பகுத்தறியப்படும் உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஒடுங்கியது தான் ஒடுங்கிய இடத்திலிருந்தே மீண்டும் வரவேண்டும். ஆகவே ஒடுக்குபவனே உலகுக்கு முதல்வன். படைத்தவன் உண்டு என்று தொடங்காமல், முடிப்பவன் உண்டு என்று தொடங்கும் இவ்வாதம் உலகச் சமயத் தருக்கங்களுள் அரியது. சைவர் இதனைப் பொதுவாகப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றனர்; இதன் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் யார் என்பதை அதிகம் பேசுவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் முதலில் நிற்பவர் உலகாயதர். அருணந்தி சிவாச்சாரியாரும் சிவஞானசித்தியார் பரபக்கத்தை உலகாயத மறுப்பிலிருந்தே தொடங்குகிறார். பூதங்கள் நிலையானவை, அவற்றின் கூட்டமே உடல், பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தவிடத்துக் கள்ளின் மயக்கம் பிறப்பதுபோல் அக்கூட்டத்தில் அறிவு பிறக்கிறது, கூட்டம் கலைந்தால் அறிவும் இல்லையாகும் என்பது அவர் கொள்கை. மணிமேகலையின் பூதவாதியும் இவ்வழியினரே. தனி உயிர் அழியும், பூதம் அழியாது. எனவே ஒடுக்குபவன் தேவையில்லை. சுருங்கச் சொன்னால், இங்கு உலகின் முடிவு ஆத்திகரின் படைக்கலமாகவும் பருப்பொருளின் நிலைபேறு நாத்திகரின் கேடயமாகவும் இருந்தன. டார்வின் கண்ட அணிவகுப்புக்கு இது நேர்மாறானது.

இதே அணிவகுப்பு 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலும் உருவானது. லூத்விக் பூக்னர் 1855-இல் வெளியிட்ட ‘ஆற்றலும் பருப்பொருளும்’ என்னும் நூல், பருப்பொருள் ஆக்கமும் அழிவும் அற்றது என்பதைக் கடவுள் மறுப்பின் அடித்தளமாக்கியது. வெப்ப இயக்கவியலோ, முடிவை நோக்கிச் செல்லும் உலகுக்குத் தொடக்கமும் இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை ஆத்திகர் கையில் தந்தது. எங்கெல்சு அதனால்தான் வெப்பச் சாவை ஏற்க மறுத்தார். 1925-இல் அச்சேறிய அவருடைய ‘இயற்கையின் இயக்கவியல்’ கையெழுத்துப்படி, புவியும் அதன்மேல் சிந்திக்கும் உயிரும் அழிவது உறுதி என்கிறது. ஆயினும் பருப்பொருள் வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில், அதே கட்டாயத்தோடு சிந்தனையை மீண்டும் ஈன்றெடுக்கும் என்றும் கூறுகிறது. கற்பந்தோறும் மீளும் புராண உலகுக்கும் இதற்கும் வடிவ அளவில் உள்ள ஒப்புமை, எங்கெல்சு விரும்பியிருக்கமாட்டார் எனினும், தமிழ் வாசகருக்குத் தோன்றாமல் இராது.

1882

இவ்வாண்டில் சென்னையில் மூன்று நிகழ்ந்தன. ‘தத்துவ விவேசினி’ என்னும் தமிழ் இதழ் தொடங்கியது. 1888 வரை அது சென்னை இலௌகிக சங்கத்தின் குரலாக இருந்தது. அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரின் ‘இந்துமத ஆசார ஆபாச தரிசனி’ வெளிவந்தது. ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபை பம்பாயிலிருந்து பெயர்ந்து அடையாற்றங்கரையில் தன் தலைமையகத்தை நிறுவிக்கொண்டது.

இலௌகிக சங்கத்தார் இங்கிலாந்தின் பிராட்லா இயக்கத்தோடு உறவு கொண்டவர்கள். வீ. அரசு தொகுத்து நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் 2012-இல் வெளியிட்ட தொகுதிகள் வழியாக இவ்விதழ் இன்று ஆய்வாளர் கைக்கு எட்டுகிறது. சாதி, சடங்கு, புரோகிதம், பெண்ணின் மணவுரிமை ஆகியவற்றின் மீதான கண்டனமே அவர்கள் எழுத்தின் உயிர்நாடி. பிராட்லாவுக்குப் பல்லாண்டு தோள்கொடுத்த அன்னி பெசன்ட், பிளாவட்ஸ்கியின் ‘இரகசியக் கோட்பாடு’ நூலுக்கு மதிப்புரை எழுத நேர்ந்த 1889-இல் பிரம்மஞானத்துக்கு மாறினார். 1893-இல் இந்தியா வந்தார். 1907-இல் சபைத் தலைவரானார். சென்னை நாத்திகர் தம் இங்கிலாந்துத் தோழர் வரிசையில் வைத்திருந்த ஒருவர், அவர்கள் நகரத்திலேயே எதிரணியின் தலைமையில் அமர்ந்தார் என்பது இவ்வரலாற்றின் கூர்மையான திருப்பம்.

அடையாறு முன்வைத்த பேரண்டக் கதையும் கவனத்துக்குரியது. உயிரலை ஒரு கோளிலிருந்து மறு கோளுக்குச் செல்கிறது. ஏழு உருண்டைகள் கொண்ட சங்கிலியில் சுற்றிச்சுற்றி வளர்கிறது. இடையிடையே பிரளயம் வரும், ஆனால் எதுவும் வீணாவதில்லை. அறிவியல் அறிவித்த முடிவை மறுக்காமலே அதன் நஞ்சை மட்டும் நீக்கித் தரும் ஏற்பாடு இது. ஆங்கிலம் கற்ற சென்னை நடுத்தர வகுப்பார் பலரை அது ஈர்த்ததில் வியப்பில்லை. வெப்பச் சாவைப் படித்துக் கலங்கியவருக்கு அடையாற்றில் விடை ஆயத்தமாக இருந்தது. இலௌகிக சங்கத்தார் அவ்வகை விடை எதையும் தரவில்லை. இதனை அவர்களுடைய குறையாகக் கொள்வதா என்பதற்கு அடுத்த தலைமுறையைப் பார்க்க வேண்டும்.

சிங்காரவேலரின் பிரபஞ்சம்

அன்னி பெசன்ட் 1933 செப்டம்பர் 20 அன்று அடையாற்றில் மறைந்தார். அவ்வாண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று சென்னையில் நாத்திகர் மாநாடு கூடியது. தலைமை ஏற்றவர் ம. சிங்காரவேலர். மாநாட்டுக்கு வந்த பாரதிதாசன், தம்மை என்றும் மாறாத நாத்திகர் என்று அங்கு எழுதிக் கையொப்பமிட்ட செய்தி பலரும் அறிந்தது. சிங்காரவேலருக்கு அப்போது வயது 73.

மீனவர் குடியில் பிறந்து உயர்நீதிமன்ற வழக்கறிஞரான இவர், 1899-இல் மகாபோதி சங்கத்தின் சென்னைக் கிளையைத் தொடங்கியவர்களுள் ஒருவர். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியவர். 1925-இல் கான்பூர்ப் பொதுவுடைமை மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர். பௌத்தத்தில் தொடங்கிப் பொதுவுடைமைக்கு வந்த இவர்தம் பயணத்தில், எதுவும் நிலையன்று என்னும் கொள்கை இரு முனையிலும் தொடர்ந்தது என்பது என் கருத்து. ‘குடி அரசு’ போன்ற இதழ்களில் டார்வினியம், ஐன்ஸ்டைனின் சார்பியல், உயிரின் தோற்றம், விண்பொருள்கள் ஆகியவற்றைத் தமிழில் விளக்கினார். ‘கடவுளும் பிரபஞ்சமும்’ என்ற தலைப்பே அவருடைய நோக்கைச் சொல்லிவிடும். தெருக்கூட்டத்தில் பேசும் தமிழில் அணுவையும் விண்மீனையும் கொண்டுவர முயன்ற அவ்வெழுத்து நடை கரடுமுரடானது. கலைச்சொற்கள் இன்னும் வார்க்கப்படாத காலம் அது. அந்நடையைக் குறைகூறுவோர், அவருக்கு முன்னோடி எவரும் இருந்தனரா என்று ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.

உலகின் முடிவு பற்றிய அச்சத்துக்குச் சுயமரியாதை இயக்கம் எந்த விடையை ஏற்றது என்பதற்கு மற்றொரு நூலும் துணைசெய்கிறது. பெர்ட்ரண்ட் ரசல் 1927 மார்ச் 6 அன்று இலண்டன் பாட்டர்சீயில் ஆற்றிய ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல’ என்னும் உரையைக் குத்தூசி சா. குருசாமி தமிழாக்கினார். புவியில் உயிர்கள் ஒருநாள் அழியும் என்பதை அவ்வுரையில் ரசல் வெளிப்படையாக ஏற்கிறார். அவ்வெண்ணம் வாழ்வையே வெறுக்கச் செய்யும் என்பாரை அவர் நம்பவில்லை. பல்லாயிரம் நூற்றாண்டுக்கு அப்பால் நேர்வதை எண்ணி எவரும் உண்மையில் உறக்கம் இழப்பதில்லை, கவனம் வேறு செயல்களின் பக்கம் திரும்பும், அவ்வளவே என்கிறார். இதே ரசல் 1903-இல் எழுதிய ‘சுதந்திர மனிதனின் வழிபாடு’ கட்டுரையில் ஞாயிற்றுக் குடும்பத்தின் சாவைத் துயரப் பெருமிதத்தோடு பாடியவர். தமிழ்நாட்டில் இயக்கத்தின் உடைமையானவர் 1927-ஆம் ஆண்டின் ரசலே.

இத்தெரிவு தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. குளத்தில் இறங்கவும் தெருவில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்டவர்க்குக் கடவுள் மறுப்பு நாளைய விண்மீன் பற்றியதன்று. கவனத்தைத் திருப்ப வேண்டிய ‘வேறு செயல்கள்’ அவர்கள் வாசலிலேயே இருந்தன. பேரண்டத்தின் முடிவை எண்ணி மனம் கலங்குவதற்கே ஒருவகை ஓய்வு வேண்டும். அவ்வோய்வு சாதிப்படி பகிரப்பட்டிருந்தது. எனினும் சிங்காரவேலர் விண்மீன்களை விடவில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும். பிரபஞ்ச அறிவு உழைப்பவர்க்கும் உரியது என்று கருதியதால்தான், முதிர்ந்த வயதில் அவர் அதனைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்.

மயிலாப்பூரிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

சிங்காரவேலரின் இல்லம் தென் கடற்கரைச் சாலையில் இருந்தது. அதே சாலையிலுள்ள மாநிலக் கல்லூரியில் 1925 முதல் 1930 வரை பயின்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்த இவர், தந்தை சுப்பிரமணிய ஐயர் மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில், கட்டிய ‘சந்திர விலாஸ்’ இல்லத்தில் வளர்ந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். தாயார் சீதாலட்சுமி இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். 1928-இல் சென்னை வந்த சோமர்பெல்டைச் சந்தித்தபோது, தாம் படித்த பழைய அணு இயற்பியல் காலாவதியாகிவிட்டதை மாணவரான சந்திரசேகர் அறிந்தார். ஒரு கட்டுரைப் போட்டியில் வென்று அவர் பரிசாகக் கேட்டுப் பெற்ற நூல், எடிங்டன் எழுதிய ‘விண்மீன்களின் அகக் கட்டமைப்பு’.

1930 சூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறிய அந்த 19 வயது இளைஞர், எரிபொருள் தீர்ந்த விண்மீன் என்னவாகும் என்று பயணத்தின்போது கணக்கிட்டார். சுருங்கிய விண்மீனை எலெக்ட்ரான்களின் அழுத்தம் தாங்கி நிற்கிறது. ஆனால் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது சார்பியல் குறுக்கிடுகிறது. நிறை ஓர் எல்லையைக் கடந்தால் அழுத்தம் ஈர்ப்புக்குத் தோற்கிறது. இன்று ஞாயிற்றின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு எனக் கொள்ளப்படும் அவ்வெல்லை அவர் பெயராலேயே வழங்குகிறது. ஞாயிறு இதற்கு உட்பட்டது. சுமார் 500 கோடி ஆண்டுகளில் அது பருத்துச் சிவந்து, பின் வெண்குறு விண்மீனாகச் சுருங்கிக் குளிரும். எல்லைக்கு மேற்பட்டவற்றுக்கு அந்த அமைதியான முதுமை இல்லை.

1935 சனவரி 11 அன்று அரச வானியல் கழகத்தில் சந்திரசேகர் இதனை விளக்கியபின் எழுந்த எடிங்டன், விண்மீன் இவ்வளவு பொருந்தாத முறையில் நடந்துகொள்ளாதபடி தடுக்கும் இயற்கை விதி ஒன்று இருந்தாக வேண்டும் என்றார். அவையோர் நகைத்தனர். எடிங்டன் ஆழ்ந்த குவேக்கர் சமயத்தவர். அவர் மறுப்புக்குச் சமயமே காரணம் என்று முடிவுகட்டுவது பிழை. அவர் சார்பியலையும் குவாண்டவியலையும் இணைக்கும் தம் சொந்தக் கோட்பாட்டில் முனைந்திருந்தார். பேரண்டத்தின் வெப்பச் சாவையோ அவர் தயங்காமல் ஏற்றார். உலகம் தன் பெருந்திட்டத்தை முடித்து ஓய்வதே, மீண்டும் மீண்டும் அதே கதையைத் திரும்பச் சொல்வதைக்காட்டிலும் தமக்கு நிறைவு தரும் என 1928-இல் எழுதினார். கடவுளை மறுத்த எங்கெல்சு முடிவிலாச் சுழற்சியை நாடினார்; கடவுளை நம்பிய எடிங்டன் ஒருமுறையே நிகழும் முடிவை நாடினார். மெய்கண்டாருக்கும் உலகாயதருக்கும் இடையிலிருந்த அணிவகுப்பு இங்கு மீண்டும் தோன்றுகிறது. சைவத்தில் ஒடுக்கத்துக்குப்பின் மறுபடி தோற்றம் உண்டு என்ற வேறுபாட்டோடு.

சந்திரசேகர் எந்தப் பக்கம்? கமேஷ்வர் வாலி எழுதி 1991-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றுக்கான உரையாடலில், தமக்கு எவ்வகையிலும் சமயப் பற்றில்லை, தம்மை நாத்திகராகவே கருதுவதாக அவர் கூறியுள்ளார். ஆனால் அந்நாத்திகம் மேடை ஏறவில்லை. விண்மீன்களின் முடிவைக் கணக்கிட்டவர், அதிலிருந்து கடவுளுக்கு ஆதரவாகவோ எதிராகவோ வாதம் எதையும் வளர்க்கவில்லை. ‘உண்மையும் அழகும்’ என்ற 1987-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவர் கலையின் அழகையும் அறிவியலின் அழகையும் பேசுகிறார். அழியப்போகும் உலகில் ஒரு சமன்பாட்டின் ஒழுங்கு அவருக்குப் போதுமானதாக இருந்தது எனலாம். மயிலாப்பூர் இல்லம் அவருக்கு அத்தகைய அமைதியான மறுப்பை அனுமதித்தது. சிங்காரவேலரின் வாசகர் பலருக்கு அவ்வசதி இல்லை.

1983-இல் சந்திரசேகர் நோபல் பரிசு பெற்றார். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன், 1962 சனவரி 3 அன்று, அல்லாடி இராமகிருஷ்ணன் முயற்சியால் அமைந்த கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கிவைக்கச் சென்னை வந்தார். பின்னர் அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில் நிலைகொண்ட அந்நிறுவனத்தின் தொடக்க விழா மாநிலக் கல்லூரியில் நடைபெற்றது. சிங்காரவேலர் மறைந்து அப்போது 16 ஆண்டுகள் ஆகவிருந்தன. அவர் 1923-இல் மே நாள் கூட்டிய திருவல்லிக்கேணிக் கடற்கரை, விழா நடந்த கல்லூரிக்கு நேர் எதிரே, சாலையைக் கடந்தால் வந்துவிடும்.