பெர்னாண்டோ வந்த வழி

கிரிக்கெட் ஸ்கோர் அட்டையில் சமிந்த வாஸின் பெயருக்கு முன்னால் ஐந்து எழுத்துகள் நிற்கும்: டபிள்யூ.பி.யூ.ஜே.சி. அவற்றை விரித்தால் வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ் என்று வரும். வர்ணகுலசூரிய என்பது இலங்கையின் மேற்குக் கரையில் வாழும் கரவா சமூகத்தின் குலப்பெயர்களில் ஒன்று. பட்டபெந்திகே, நெற்றியில் பட்டம் கட்டப்பெற்ற தலைவனின் வீட்டார் என்று சொல்கிறது. எதிர்க்கரையில், தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவ ஊர்களில், ஊர்த்தலைவனுக்குப் பட்டங்கட்டி என்றே பெயர். ஜோசப் என்பது கோயில் தந்தது. கடைசியில் உள்ள வாஸ் போர்த்துக்கல்லிலிருந்து வந்தது.

நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை ஆயிரக்கணக்கான வீடுகளில் பெயரின் அடுக்கு இதுதான். ஆனால் கடைசிச் சொல் பெரும்பாலும் வேறு: பெர்னாண்டோ. பெரேரா, சில்வா ஆகியவற்றோடு சேர்ந்து இலங்கையில் அதிகம் பேர் தாங்கும் குடும்பப் பெயர்களுள் இதுவும் ஒன்று. சிங்களத்தில் இதைப் பிரனாந்து என்று எழுதுகிறார்கள். தூத்துக்குடியில் இது பர்னாந்து.

இதன் வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் ஐபீரியாவுக்குள் புகுந்த விசிகோத்துகள் தங்கள் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய அரசு 711இல் அராபியர் படையெடுப்பில் சரிந்தது, பெயர்கள் சரியவில்லை. பெர்னாண்டோவின் பின்பாதிக்குத் துணிவு என்று பொருள். முன்பாதியைச் சிலர் அமைதி என்கிறார்கள், சிலர் பயணம் என்கிறார்கள். இந்தப் பெயர் பின்னாளில் போய்ச் சேர்ந்த கரைகளை நினைத்தால் எனக்குப் பயணமே பிடிக்கிறது. காஸ்டிலின் அரசர்கள் பலர் இதைச் சூடினார்கள். அவர்களில் மூன்றாம் பெர்னாண்டோ 1236இல் கோர்தோபாவையும் 1248இல் செவில்லையும் கைப்பற்றியவர். 1671இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டவர்.

நமக்கு அவரைவிட நெருக்கமான பெர்னாண்டோ ஒருவர் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிஸ்பனில் பிறந்த ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் அது. 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது அவர் அந்தப் பெயரைக் களைந்து அந்தோணி ஆனார். உவரியிலும் கச்சத்தீவிலும் கொழும்புக் கொச்சிக்கடையிலும் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும் பெர்னாண்டோக்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, தாங்கள் கும்பிடும் புனிதரும் பிறப்பால் பெர்னாண்டோ என்று!

போர்த்துக்கல்லில் பெர்னாண்டோ என்பது பிள்ளைக்கு வைக்கும் பெயர். அவன் மகன் பெர்னாண்டஸ். கோவாவிலும் மங்களூரிலும் குடும்பப் பெயராகப் பெரிதும் நிலைத்தது இந்தப் பெர்னாண்டஸ்தான். தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறையிலும் இலங்கையிலும் தகப்பனின் பெயரே, விகுதி ஏதும் சேராமல், வம்சத்தின் பெயராக இறங்கியது.

அது இறங்கிய காலம் 1530கள். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்கள் பரதவர்கள். ஆனால் அந்த முத்தின் வருமானத்துக்காக வேணாட்டு அரசரும் விஜயநகரத்தின் ஆட்களும் போட்டியிட்டார்கள். குத்தகையும் வணிகமும் பெருமளவு முஸ்லிம் வணிகர்களிடம் இருந்தன. பரதவருக்கும் அந்த வணிகர்களுக்கும் பகை முற்றி, காயல்களிலும் கரையூர்களிலும் இரத்தம் சிந்தியது. ஒரு பரதவனின் காது அறுக்கப்பட்டதில் மூண்டது சண்டை என்று வாய்வழிக் கதை சொல்கிறது. அந்த நேரத்தில்தான் ஜான் த குரூஸ் என்ற குதிரை வணிகர் வந்தார். கோழிக்கோட்டுச் சாமூதிரி 1513இல் லிஸ்பனுக்கு அனுப்பிய மலையாளி அவர். அங்கேயே கிறிஸ்தவராகித் திரும்பியவர். கொச்சிக்குப் போங்கள், போர்த்துக்கீசியரிடம் காவல் கேளுங்கள், அதற்கு விலை ஞானஸ்நானம் என்று பரதவத் தலைவர்களுக்கு வழி சொன்னவர் அவரே.

பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள், தலையில் தண்ணீர் வார்க்கப்பட்டுத் திரும்பினார்கள். பின்னாலேயே குருக்கள் கப்பலேறி வந்தார்கள். 1537 வாக்கில் ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1538இல் வேதாளையில் போர்த்துக்கீசியப் படை கோழிக்கோட்டுக் கப்பற்படையை முறியடித்ததும் முத்துக்கடலில் யார் கை ஓங்கும் என்பது முடிவாயிற்று. புதிய கிறிஸ்தவருக்கு ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரையோ ஒரு புனிதரின் பெயரையோ சூட்டுவது வழக்கம். பர்னாந்து, கோமஸ், வாஸ், மோத்தா, மிராந்தா, மச்சாது எல்லாம் அப்படித்தான் கரையேறின. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்தபோது அவர் கண்டது பெயரளவில் கிறிஸ்தவர்களாகி, ஜெபம் சொல்லித்தர ஆளில்லாமல் இருந்த மக்களை.

ஆக, இந்தப் பெயர் பரதவரிடம் வந்தது ஓர் உடன்படிக்கையின் பகுதியாக. உயிரையும் கடலையும் காத்துக்கொள்ளத் தலைவர்கள் யோசித்து எடுத்த முடிவு அது. காவல் தந்தவர்கள் முத்தில் தங்கள் பங்கைக் கறாராக வசூலித்தார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்து, தங்கள் சீர்திருத்தச் சபைக்கு மாறும்படி நெருக்கினார்கள். பரதவர்கள் மாறவில்லை. பெயரைக் கொடுத்த அரசு போன பிறகும் பெயரையும் கோயிலையும் அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்ட அந்த ஆண்டுகளில்தான் பர்னாந்து முழுக்க அவர்களுடையதாயிற்று என்பேன். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு நிறைவடையும் தமிழ்நாட்டில், ஒரே பெயரைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றும் வழக்கம் இந்தக் கரையில் வேரூன்றியது. 1920களில் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்துக்கு அந்த ஊர் சிலை வைத்திருக்கிறது. அந்தப் பெயரை அங்கே யாரும் அந்நியமாக நினைப்பதில்லை.

இலங்கையில் கதை இன்னும் விரிகிறது. 1550களில் மேற்குக் கரையின் கரவா மீனவர்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1557இல் கோட்டை இராச்சியத்தின் அரசன் தர்மபாலனே டொன் ஜுவான் ஆனான். டச்சுக்காரர் ஆட்சியில் திருமணப் பதிவும் வாரிசுரிமையும் உத்தியோகமும் சபையின் பதிவேட்டைச் சார்ந்திருந்ததால், மனத்தால் பௌத்தராகவோ சைவராகவோ இருந்தவர்களும் ஞானஸ்நானப் பெயரோடு ஏட்டில் ஏறினார்கள். 1796இல் பிரித்தானியர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் பலர் வெளிப்படையாகப் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பௌத்த மறுமலர்ச்சியில் சிலர் ஐரோப்பியப் பெயர்களைத் துறந்தார்கள். டொன் டேவிட் ஹேவாவிதாரண, அனகாரிக தர்மபால ஆனது அப்போதுதான். அதையும் தாண்டி பெர்னாண்டோ நின்றது. மொறட்டுவையில் விகாரைக்குப் போகும் பெர்னாண்டோவும் உண்டு, மாதா கோயிலுக்குப் போகும் பெர்னாண்டோவும் உண்டு.

மொழியையும் இந்தப் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. மன்னாரில் பெர்னாண்டோ தமிழர். தூத்துக்குடியிலிருந்து வணிகத்துக்காகக் கொழும்பில் குடியேறிய பரதர்களிலும் பெர்னாண்டோக்கள் இருக்கிறார்கள். நீர்கொழும்பின் மீனவர் தெருக்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் சிங்களமும் பேசி வளர்ந்து, தங்களைச் சிங்களவர் என்று சொல்லிக்கொள்ளும் பெர்னாண்டோக்கள் உண்டு. பெயரைப் பார்த்தே ஆளைப் பிரிக்கும் ஒரு நாட்டில் இப்படிப் பிரிக்க முடியாத பெயர் ஒன்று இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தோர் பட்டியலில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அந்தத் துக்கத்தை ஓர் இனத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

அந்நியன் வைத்த பெயரை ஏன் இன்னும் சுமக்கிறீர்கள் என்று இந்தக் கரையாரைக் கேட்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது. வர்ணகுலசூரியவும் குருகுலசூரியவும் பெர்னாண்டோவுக்கு முன்னால் முதலெழுத்துகளாக இன்றும் நிற்கின்றன. புதிய பெயரை ஏற்றவர்கள் பழையதை அழிக்கவில்லை. தேயிலையைத் தில்மா என்று உலகெங்கும் கொண்டுசென்ற மெரில் ஜே. பெர்னாண்டோவும், இலங்கை அணிக்குப் பந்துவீசிய தில்ஹாரவும் விஷ்வாவும் அசிதாவும் எடுத்துச் சென்றது தங்கள் பாட்டன் பூட்டன் பெயரை. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடும்பத்தில் புழங்கிய பெயருக்கு வேறு பூர்வீகச் சான்றிதழ் எதற்கு?

பயணம் இப்போது மேற்கே திரும்பியிருக்கிறது. வென்னப்புவவிலிருந்து இத்தாலிக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அந்த ஊருக்குச் சின்ன இத்தாலி என்றே செல்லப்பெயர் விழுந்துவிட்டது. மிலானிலும் நேப்பிள்ஸிலும் முதியவர்களைப் பராமரித்தும் வீட்டு வேலை செய்தும் அவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே வீடுகள் எழுந்தன. அங்கே பெர்னாண்டோ என்பது பையனுக்கு வைக்கும் பெயர். அதனால் இலங்கைப் பிள்ளைகள் அதைக் குடும்பப் பெயர் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தாலிய மொழியிலேயே சொல்கிறார்கள்.